ஒத்த ஆள் கம்பெனிக்கு கார்ப்பரேட் வரியா?

"பேரோல்ல எடுக்க முடியாது ப்ரோ. சொந்தமா ஒரு பிரைவேட் லிமிடெட் போட்டுட்டு வாங்க. மாசாமாசம் இன்வாய்ஸ் அனுப்புங்க, பணம் வந்துடும்."

ஐ.டி. துறையில் நாலஞ்சு வருஷம் தேறிய நம்ம பசங்க பலருக்கு இந்த வசனம் புதுசு இல்லை. கேட்க நல்லாவும் இருக்கும். டைரக்டர் என்று விசிட்டிங் கார்டு அடிக்கலாம். ஊர்ல அப்பா "பையன் கம்பெனி வச்சிருக்கான்" என்று நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியிலேயே பி.எஃப்., கிராஜுவிட்டி, மகப்பேறு விடுப்பு, நோட்டீஸ் பீரியட் எல்லாம் காணாமல் போயிடுது. அதைப் பற்றிப் பலரும் பேசுறாங்க. இன்று நாம் பேச வேண்டியது அதிகம் பேசப்படாத இன்னொரு பக்கம்: அந்த ஒத்த ஆள் கம்பெனி கட்டுற வருமான வரி.

நண்பர்களே, ஒருத்தர் தன் பெயரில் செய்யும் அதே வேலையைத் தன் கம்பெனி பெயரில் செய்தால், வருமான வரிச் சட்டம் அவரைத் தூக்கிக் கொண்டுபோய் பல்லாயிரம் கோடி புரளும் நிறுவனங்களின் வரிசையில் உட்கார வைக்குது. சலுகை மட்டும் அந்த வரிசைக்கு ஏற்ற மாதிரி வர்றதில்லை.

கணக்கோடு பார்ப்போம். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறை விகிதங்களை எடுத்துக்கிறோம். (2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் எல்லாம் மாறுது. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்கள்தான் புழங்குது, நாமும் அதையே வச்சுக்கலாம்.)

ஒரு சாஃப்ட்வேர் கன்சல்டன்ட். மாசம் 2 லட்சம் ரூபாய் பில், வருஷத்துக்கு 24 லட்சம். ஜிஎஸ்டி தனி. சேவைத் தொழிலில் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம், அது தனிநபருக்கும் கம்பெனிக்கும் ஒண்ணுதான்.

இவர் தன் சொந்த பான் கார்டில், தன் பெயரிலேயே பில் போட்டால் 44ஏடிஏ என்ற பிரிவு இருக்கு. பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனை, தகவல் தொழில்நுட்பம் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர்களுக்கானது. வருஷ வரவு 50 லட்சம் வரை, ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை, வரவில் குறைந்தது பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். மீதி பாதி செலவு என்று சட்டமே ஒத்துக்குது. பெட்டி பெட்டியாக ரசீது சேர்க்க வேண்டாம், ஆடிட் வேண்டாம். 24 லட்சத்தில் பாதி 12 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி இருப்பதால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

(அதே 24 லட்சத்தைச் சம்பளமாக வாங்குற ஊழியர் சுமார் 2.92 லட்சம் வரி கட்டுறார். இதைப் படிச்சதும் சம்பளக்காரங்க பொங்குவாங்க. நியாயம்தான், அது தனிப் பதிவுக்கான விஷயம்.)

இப்போ அதே ஆள் "கம்பெனி போட்டுட்டு வாங்க" என்பதை நம்பி ஒரு கம்பெனி போடுறார். 44ஏடிஏ அந்த நிமிஷமே கையை விட்டுப் போயிடுது. அந்தப் பிரிவு தனிநபருக்கும் கூட்டு நிறுவனத்துக்கும் உண்டு, கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் கிடையாது. ஆடிட், அலுவலகம், லேப்டாப், இதர செலவு என்று 2 லட்சம் போனால் மிச்சம் 22 லட்சம். அதை லாபமாகக் காட்டினால் 115பிஏஏ பிரிவின் கீழ் 22 சதவீத வரி, அதன் மேல் 10 சதவீத சர்சார்ஜ், அதற்கும் மேல் 4 சதவீத செஸ். மொத்தம் 25.168 சதவீதம். 5.54 லட்சம் போச்சு.

மிச்சமுள்ள 16.46 லட்சம் கம்பெனி அக்கவுன்டில் கிடக்கு. அது அவர் பணமில்லை, கம்பெனி பணம். வீட்டுக்கு எடுத்துப் போக டிவிடெண்ட் அறிவிக்கணும். 2020 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்டுக்கு வாங்குறவர் கையில், அவருடைய ஸ்லாப்படி வரி. இன்னும் 1.34 லட்சம். ஆக மொத்தம் 6.88 லட்சம்.

அதே மூளை, அதே கீபோர்டு, அதே கிளையன்ட். ஒரு பக்கம் பூஜ்யம், மறுபக்கம் 6.88 லட்சம்.

"டிவிடெண்ட் எதுக்கு, டைரக்டர் சம்பளமா எடுத்துக்க வேண்டியதுதானே?" என்று விவரமானவங்க கேட்பாங்க. சரியான கேள்வி. 22 லட்சத்தையும் சம்பளமாக எடுத்தால் கம்பெனிக்கு லாபமே இல்லை, கம்பெனி வரியும் இல்லை. சம்பளத்தில் 75,000 நிலையான கழிவு போக அவர் கட்டும் வரி சுமார் 2.40 லட்சம். 6.88 லட்சத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல். இந்த அளவு வருமானத்தில் கம்பெனி வைத்திருப்பவர் செய்ய வேண்டியதும் இதுதான், லாபமாக நிறுத்தி வைத்து டிவிடெண்டாக எடுப்பது நஷ்டம். ஆனால் ரெண்டு சிக்கல் இருக்கு. ஒன்று, செய்யும் வேலைக்குப் பொருந்தாத அளவு சம்பளம் என்று அதிகாரி நினைத்தால் அந்தச் செலவில் கை வைக்கச் சட்டத்தில் இடம் இருக்கு.

ரெண்டாவதுதான் வயித்தெரிச்சல். கிளையன்ட் பணம் தரும்போதே 194ஜே என்று டிடிஎஸ் பிடிப்பாங்க. தொழில்நுட்ப சேவைக்கு 2 சதவீதம், தொழில்முறைக் கட்டணத்துக்கு 10 சதவீதம். எது என்று குழப்பம் வந்தால் அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட் எப்பவும் 10 பக்கம்தான் சாயும், அவங்களுக்கு அதுதான் பாதுகாப்பு. 24 லட்சத்தில் 2.40 லட்சம் கம்பெனியின் பான் எண்ணில் போய் உட்காருது. கம்பெனிக்கோ வரியே இல்லை, எல்லாம் சம்பளமாகப் போயாச்சு. டைரக்டர் தன் சம்பளத்துக்குத் தனியாக வரி கட்டணும். கம்பெனியின் 2.40 லட்சம் ரிட்டர்ன் தாக்கல் பண்ணி ரீஃபண்ட் வரும் வரை அரசாங்கத்திடம் வட்டி பெரிசா இல்லாமல் தூங்கும். குறைந்த விகிதத்தில் டிடிஎஸ் பிடிக்கச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்பதை எத்தனை பேருக்கு ஆடிட்டர் சொல்றாரு?

இதற்கு நடுவில் வேறொரு பொறி. தங்கச்சி கல்யாணம், கம்பெனி அக்கவுன்டில் 4 லட்சம் இருக்கு, "நம்ம காசுதானே" என்று கடனாக எடுக்கிறார். அவர் 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் பங்குதாரர். கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அந்தக் கடனையே டிவிடெண்ட் என்று சட்டம் கருதும். திருப்பிக் கொடுத்தாலும் பெரும்பாலும் தப்பிக்க முடியாது. தனிநபராக இருந்திருந்தால் அது சொந்த சேமிப்பில் இருந்து எடுத்த பணம், அவ்ளோதான்.

அட்வான்ஸ் டாக்ஸ் விஷயமும் அப்படித்தான். 44ஏடிஏ-வில் இருப்பவர் வரி வந்தால் மார்ச் 15-க்குள் ஒரே தவணை. கம்பெனி என்றால் ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15 என்று நாலு தவணை. வருமானம் ஒரு ரூபாயாக இருந்தாலும் கம்பெனிக்கு ஆடிட் கட்டாயம். கம்பெனிகள் பதிவாளரிடம் வருஷாந்திரப் படிவங்கள் தாக்கல் பண்ணணும். தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. ரெண்டு படிவம், ஒரு வருஷம் மறந்துட்டா 73,000 ரூபாய். மூணு வருஷம் தொடர்ந்து மறந்தால் அஞ்சு வருஷம் எந்தக் கம்பெனியிலும் டைரக்டர் ஆக முடியாது. 2017-ல் நாடு முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளை ஒரே வீச்சில் பதிவேட்டில் இருந்து நீக்கினாங்க. அதில் போலி கம்பெனிகளும் இருந்தது, வேலை கிடைச்சதும் மறந்துபோன சின்னச் சின்ன கம்பெனிகளும் இருந்தது.

"பரவாயில்லை, லிமிடெட் கம்பெனி, என் சொத்துக்குப் பாதுகாப்பு" என்று ஒரு ஆறுதல் சொல்லுவாங்க. கடன்காரருக்கு எதிராக அது ஓரளவு உண்மை. வரித்துறைக்கு எதிராக இல்லை. பிரைவேட் கம்பெனியிடம் வரி பாக்கியை வசூலிக்க முடியாமல் போனால், பெரிய அலட்சியமோ தவறோ தன்னிடம் இல்லை என்று டைரக்டர் நிரூபிக்காத வரை அவர் சொந்தப் பொறுப்பில் கட்டணும். லிமிடெட் என்ற வார்த்தைக்கு வரித்துறை அகராதியில் அர்த்தம் வேற.

சரி, இதில் அரசியல் எங்கே வருது?

2019 செப்டம்பர் 20. ஒன்றிய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கார்ப்பரேட் வரிக் குறைப்பை அறிவித்தார். அரசே சொன்ன கணக்குப்படி வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு. அந்தப் பணம் யார் வீட்டுக்குப் போச்சு என்று பாருங்க. பெரிய கம்பெனி அதுவரை சர்சார்ஜ், செஸ் சேர்த்து 34.94 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தது. அது 25.17 ஆனது. கிட்டத்தட்ட 10 சதவீதப் புள்ளி லாபம். விற்றுமுதல் 400 கோடிக்குள், லாபம் ஒரு கோடிக்குள் இருந்த சின்ன கம்பெனி ஏற்கெனவே 25 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 26 கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு சர்சார்ஜ் கிடையாது. 115பிஏஏ-க்கு மாறினால் லாபம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 10 சதவீத சர்சார்ஜ் கட்டாயம். அதனால் அதற்குக் கிடைத்தது 26-ல் இருந்து 25.17, அதாவது ஒரு புள்ளி கூட இல்லை. 0.83. அதையும் வாங்க 10-ஐசி என்ற படிவத்தைக் காலத்தில் போடணும். மறந்தால் அதுவும் இல்லை.

அன்றே புதிய உற்பத்தி நிறுவனங்களுக்கு 15 சதவீத விகிதமும் வந்தது. நம்ம ஆளுக்கு அதிலும் இடமில்லை. எந்த வடிவத்தில் சாஃப்ட்வேர் எழுதினாலும் அது உற்பத்தி ஆகாது என்று அந்தப் பிரிவிலேயே தெளிவாகப் போட்டு வைத்திருக்காங்க. மற்ற சட்டங்களில் எவ்வளவோ மூடுமந்திரம், இதில் மட்டும் சந்தேகத்துக்கே இடமில்லாத தெளிவு!

ஒரு நபர் நிறுவனம் என்ற வடிவத்தை 2013 கம்பெனிகள் சட்டம்தான் கொண்டு வந்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஓபிசி. (இடஒதுக்கீட்டு ஓபிசி இல்லை, அது வேற சண்டை.) நோக்கம் நல்ல நோக்கம். தனியாளாகத் தொழில் செய்பவரும் முறையான நிறுவனமாக வரட்டும், வங்கிக் கடன் வாங்கட்டும், பெரிய ஆர்டர் எடுக்கட்டும் என்று. 2021-ல் மூலதன, விற்றுமுதல் வரம்புகளையும் எடுத்துவிட்டு இன்னும் எளிதாக்கினாங்க. கம்பெனிச் சட்டம் "ஒரு ஆள்தான், தெரியும், வா" என்று கதவைத் திறந்தது. வரிச் சட்டத்துக்கு அந்த ஒரு ஆள் கண்ணுக்கே தெரியவில்லை. கம்பெனி என்றால் கம்பெனி, முதலில் கம்பெனி வரி, பிறகு டிவிடெண்ட் வரி. 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு ரெண்டும் சேர்ந்து சம்பாதித்த நூறு ரூபாயில் 48 ரூபாய் 50 காசு போகும்.

பெரிய நிறுவனத்தில் இந்த இரட்டை வரிக்கு ஒரு வாதம் இருக்கு. அங்கே கம்பெனி வேற, லட்சக்கணக்கான பங்குதாரர் வேற. லாபத்தை உள்ளேயே வைத்து ஃபேக்டரி கட்டலாம், இன்னொரு கம்பெனியை வாங்கலாம், டிவிடெண்டே தராமல் வருஷக்கணக்கில் இருக்கலாம். நம்ம ஆளுக்கு அந்தப் பணம்தான் வீட்டு வாடகை, பிள்ளை ஃபீஸ். அவர் அதை எடுத்தே ஆகணும்.

அமெரிக்காவில் 1958-லேயே இதற்கு வழி செய்திருக்காங்க. எஸ் கார்ப்பரேஷன் என்று ஒரு வகை. சின்ன கம்பெனி விரும்பினால் கூட்டாட்சி மட்டத்தில் பெரும்பாலும் தன் மட்டத்தில் வரி கட்டாமல், லாபத்தைப் பங்குதாரரின் சொந்தக் கணக்குக்குக் கடத்திவிடலாம். வரி ஒரே ஒரு தடவை. முதலாளித்துவத்தின் தலைநகரத்திலேயே இது முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது?

"பணக்காரங்க தவறாப் பயன்படுத்துவாங்க" என்று பதில் வரும். வரம்பு வையுங்க. தனிநபருக்கு 75 லட்சம் என்று ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருக்கீங்களே, அதே கோட்டை ஒரு நபர் நிறுவனத்துக்கும் போடுங்க. உரிமையாளர் ஒரே ஒரு மனிதர், வரவெல்லாம் வங்கி வழியாக, ஜிஎஸ்டி, டிடிஎஸ் என்று ஒவ்வொரு ரூபாயும் அரசின் கணினியில் ஏற்கெனவே பதிவாகி இருக்கு. இதில் எதை மறைக்க முடியும்? 44ஏடிஏ-வை ஒரு நபர் நிறுவனத்துக்கும் நீட்டணும், அந்த வரம்புக்குள் டிவிடெண்டுக்கு மறுபடி வரி போடக் கூடாது, 115பிஏஏ-வில் ஒரு கோடிக்குள் லாபம் உள்ள கம்பெனிக்கு சர்சார்ஜை எடுக்கணும். கடைசியில் சொன்னது ஒரு நிதி மசோதாவில் ரெண்டு வரித் திருத்தம்.

இன்னொன்றும் இருக்கு, இதில் வரியோடு வேலையும் கலந்திருக்கு. காலையில் ஒன்பதரைக்கு லாகின், மேனேஜரிடம் லீவு கேட்கணும், வேற கிளையன்ட் எடுக்கக் கூடாது, லேப்டாப்பும் அவங்க கொடுத்தது. இது கான்ட்ராக்டரா, ஊழியரா? 1956-லேயே உப்பளத் தொழிலாளர் வழக்கில், வேலையை எப்படிச் செய்யணும் என்று யார் கட்டுப்படுத்துறாங்க என்பதை வைத்து, ஒப்பந்தம் என்று பெயர் இருந்தாலும் அவங்க தொழிலாளர்கள்தான் என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பிரிட்டனில் ஐஆர்35 என்ற விதி 2000-ல் வந்தது. கம்பெனி என்ற முகமூடிக்குப் பின்னால் இருப்பது ஊழியரா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 2021 ஏப்ரல் முதல் தனியார் துறையிலும், சின்ன நிறுவனங்கள் தவிர, அதை முடிவு செய்யும் பொறுப்பு வேலை வாங்கும் நிறுவனத்தின் மேல். ஆனால் அங்கேயும் ஊழியர் மாதிரி வரி பிடிச்சாங்க, ஊழியருக்கான விடுப்பையும் உரிமையையும் கூடவே கொடுக்கலை. அந்தக் குறையை விட்டுட்டு மற்றதை நாம் எடுத்துக்கலாம். "கம்பெனி போட்டுட்டு வா" என்று ஒரு நிறுவனம் சொன்னால், இவர் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர்தான் என்று காட்டும் சுமை அந்த நிறுவனத்துக்கு இருக்கணும். காட்ட முடியாவிட்டால் பி.எஃப். முதல் எல்லாம் கொடுக்கணும்.

சட்டம் மாறும் வரை என்ன பண்றது? கையெழுத்துப் போடும் முன், "என் சொந்த பான் எண்ணில், என் ஜிஎஸ்டி பதிவில் பில் போட்டால் ஏத்துப்பீங்களா?" என்று கேளுங்க. பல இடங்களில் கம்பெனிதான் வேணும் என்பது சட்டம் இல்லை, வெண்டர் பதிவுப் படிவத்தில் யாரோ வைத்த வழக்கம். ஆனால் ஊழியர் மாதிரியே ஒரே இடத்தில் வேலை பார்த்துக்கொண்டு 44ஏடிஏ காட்டினால் "இது சம்பளம்தானே" என்று கேள்வி வரலாம், ஒப்பந்தத்தை ஆடிட்டரிடம் காட்டிட்டு இறங்குங்க. வரவு 75 லட்சத்தைத் தாண்டுது, நாலு பேரை வேலைக்கு வைக்கப் போறீங்க, பொருளாக விற்கப் போறீங்க என்றால் கம்பெனி தாராளமாகப் போடலாம், அங்கே 25.17 சதவீதம் உங்களுக்கே லாபமாகலாம்.

எந்த வடிவமாக இருந்தாலும் உத்யம் பதிவு பண்ணிடுங்க. ஆன்லைனில் இலவசம், காசு கேட்கிற ஏஜென்டை நம்பாதீங்க. பதிவு இருந்தால் கிளையன்ட் உங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தரணும். தராவிட்டால் அந்தத் தொகையைத் தரும் வரை அவங்க வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2023-24 நிதியாண்டு முதல் இது நடைமுறையில் இருக்கு. மூணு மாசம் பணம் வராமல், வராத பணத்துக்கு அடுத்த மாசம் 20-ந் தேதி 18 சதவீத ஜிஎஸ்டியைக் கைக்காசில் கட்டியவங்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஏற்கெனவே கம்பெனி போட்டு, இப்போ வேற வேலைக்குப் போய், அதை அப்படியே விட்டு வைத்திருப்பவங்க உடனே கவனிங்க. பில்லே போடவில்லை என்றாலும் அந்த 100 ரூபாய் மீட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாக்கி எதுவும் இல்லாமல் ரெண்டு நிதியாண்டாகத் தொழில் நடக்கவில்லை என்றால் எஸ்டிகே-2 படிவம் போட்டுப் பெயரை நீக்கச் சொல்லலாம், அரசுக் கட்டணம் 10,000 ரூபாய். நிலுவைப் படிவங்களை முதலில் முடிச்சிட்டு அதைப் போடுங்க.